கைடுக்கு எவ்வளவு கொடுப்பது? – தூண்டில்காரர் பதில்கள்

சென்ற இதழில் அமெரிக்காவின் கோடைகாலத் தூண்டில் பயணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். எந்த மீனுக்கு எந்த இரை, எந்த மாதம் எந்த ஏரி என்று கேட்டு எழுதுவீர்கள் என்று உட்கார்ந்திருந்தால், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிப்ஸைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் கோடை விடுமுறைகளில் மிச்சிகன் ஏரியின் சால்மன் படகுகளில் 'மேட்' வேலை பார்த்தவன் நான். மேட் என்றால் கேப்டனுக்குக் கையாள்: இரை கட்டுவது, சிக்கு எடுப்பது, வலைக்கோலில் மீனை அள்ளுவது, கடைசியில் தளத்தைத் தேய்த்துக் கழுவுவது. அதனால் என் பதில்கள் கொஞ்சம் படகுக்காரர் பக்கம் சாயும். கணக்குப் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். டெக்சாஸின் கால்வெஸ்டனிலிருந்து ஒருநாள் படகு பேசியிருக்கிறோம். வாடகை 1,500 டாலர். முன்பதிவுத் தளத்தின் கட்டணமும் வரியும் அதற்கு மேல். ரசீதில் 'டிப்ஸ் சேராது' என்று போட்டிருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும்? – ஹூஸ்டன் வாசகர்

அமெரிக்காவில் பொதுவாகப் புழங்கும் கணக்கு, படகு வாடகையில் 15 முதல் 20 சதவீதம். உங்கள் படகுக்கு 225 முதல் 300 டாலர் வரை. தளத்தின் கட்டணத்துக்கும் வரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம். அந்தக் காசு படகுக்குப் போவதில்லை. ஆனால் கூப்பன் போட்டு வாடகையைக் குறைத்திருந்தால், குறைக்காத தொகைக்குக் கணக்குப் போடுங்கள். கூப்பன் என்பதற்காக யாரும் இரையைக் குறைத்துக் கட்டப்போவதில்லை.

300 என்றே வைத்தாலும் ஆளுக்கு 50 டாலர்தான். நீங்கள் ஆறு பேர் என்பதும் தற்செயல் இல்லை. சிறிய வாடகைப் படகுகளின் கேப்டன்களில் பலர் கடலோரக் காவல் படையிடம் வாங்கியிருக்கும் உரிமம், காசு கொடுத்து ஏறும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் அனுமதிக்காது. 'சிக்ஸ் பேக்' உரிமம் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். ஆறு பேர் நிறைந்த படகு என்றால் மேட்டுக்கு ஆறு தூண்டில்களின் சிக்கு. இதையும் மனதில் வையுங்கள்.

யாருக்கு என்றால், மேட் இருக்கும் படகில் மேட்டின் கையில். கேப்டனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். கேப்டனே படகின் சொந்தக்காரராக இருந்தால் பெரும்பாலும் முழுத் தொகையும் மேட்டுக்கே போகும். பல படகுகளில் மேட்டுக்கு நாள் கூலி சொற்பம், சிலவற்றில் டிப்ஸ்தான் கூலியே. கேப்டனிடம் கொடுத்தால் மேட்டுக்குப் போய்ச் சேருமா என்ற சந்தேகம் சிலருக்கு இருக்கிறது. ஊழியருக்கு வந்த டிப்ஸை முதலாளியோ மேலாளரோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நேராக மேட்டின் கையில் கொடுத்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

எப்போது என்பதில்தான் பெரிய கூட்டங்கள் கோட்டை விடுகின்றன. படகு கரைக்கு வந்து, மீனை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்த பிறகு, காரில் ஏறும் முன் கொடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் ஆறு பேரும் ஆறு திசையில் நிற்பார்கள். ஒருவர் மீனோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார், ஒருவர் கழிவறைக்குப் போயிருப்பார், ஒருவர் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார். மேட்டாக நின்ற காலத்தில் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொருவரும் கையை அழுத்திக் குலுக்கி 'பிரமாதமான நாள்' என்பார்கள், கொடுக்க வேண்டியவர் இன்னொருவர் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள், வண்டி கிளம்பிவிடும். என் கையில் மீன் செதில் மட்டும் ஒட்டியிருக்கும். வழியில் காபிக்கு நிறுத்தும்போதே ஒருவர் ஆளுக்கு 50 வசூலித்து ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சில துறைமுகங்களில் மீன் வெட்டித் தருவதற்குத் தனிக் கூலி உண்டு, சிலவற்றில் அது மேட்டின் வேலையிலேயே அடக்கம். ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டெக்சாஸில் வாடகைப் படகில் போனாலும் 17 வயது நிறைந்தவர்களுக்கு அவரவர் மீன்பிடி உரிமம் வேண்டும். ஃபுளோரிடாவில் கேப்டனின் உரிமமே பயணிகளுக்கும் சேர்த்துப் போதும் என்பதால், அங்கே போய் வந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள்.

சால்மன் பிடிக்க மிச்சிகன் ஏரிக்குப் போனோம். எட்டு மணி நேரம். ஒரு மீன்கூட இல்லை. இறங்கும்போது மேட் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மீனே இல்லாத பயணத்துக்கு எதற்கு ஐயா டிப்ஸ்? நான் கொடுக்காமல் வந்துவிட்டேன். மனைவி இன்னும் திட்டுகிறாள். – சிகாகோ வாசகர்

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மீன் இல்லாத நாளில்தான் மேட்டுக்கு வேலை அதிகம். மீன் கடிக்கிற நாளில் ஒரு ஸ்பூனை (மீன் போல மின்னும் உலோகத் தகட்டு இரை) கட்டி இறக்கிவிட்டால் போதும், கோல் தானே வளையும். கடிக்காத நாளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நீங்கள் போன படகிலும் இதே நடந்திருக்கும். சால்மன் குளிர்ந்த நீரைத் தேடும் மீன். சினூக் சால்மனுக்கு ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் பிடிக்கும். கோடையில் அந்தக் குளிர் அடுக்கு ஏரியின் நடு ஆழத்தில் எங்கோ இருக்கும், காற்று மாறினால் அதுவும் இடம் மாறும். ஏரியின் கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து பலமாகக் காற்றடித்தால் மேலே இருக்கும் சூடான நீரை நடு ஏரிக்குத் தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்நீர் கரையோரம் ஏறிவரும். நேற்று மீன் நின்ற ஆழத்தில் இன்று மீன் இருக்காது.

அப்போது கேப்டன் படகைத் திருப்புவார், மேட் எல்லாவற்றையும் மேலே எடுப்பார். இரையை ஆழத்துக்கு இழுத்துப் பிடிக்கும் ஈயக்குண்டு ஒன்று 10, 12 பவுண்டு இருக்கும். அதை ஏற்றி, தங்கூசியை (தூண்டில் நரம்பை) கவ்வியில் மாட்டி, இருபது அடி கூட்டி இறக்க வேண்டும். பச்சை ஸ்பூனைக் கழற்றி வெள்ளி, வெள்ளியைக் கழற்றி நீலம். இதெல்லாம் ஆடுகிற படகின் பின்தளத்தில், ஈரக் கையோடு. பக்கத்துப் படகுகளை ரேடியோவில் கூப்பிட்டு 'எத்தனை அடியில் கடிக்குது?' என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் வாடகைக்கு எடுத்தது படகையும் அவர்களுடைய உழைப்பையும் அனுபவத்தையும். மீன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் மீன் கிடைக்காத நாளில் நான் பார்ப்பது வேறு. இடம் மாற்றினார்களா? இரை மாற்றினார்களா? ஆழம் மாற்றினார்களா? என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று உங்களிடம் சொன்னார்களா? இதெல்லாம் நடந்திருந்தால் முழு டிப்ஸ். காலையில் இறக்கிய தூண்டிலை மாலையில்தான் தொட்டார்கள் என்றால் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மறுபக்கமும் உண்டு. ஏரி அள்ளிக் கொடுத்து, காலை எட்டு மணிக்கே பெட்டி நிறைந்துவிட்டால் டிப்ஸை இரட்டிக்க வேண்டியதில்லை. 20 சதவீதம் அன்றைக்கும் 20 சதவீதம்தான். மனசு நிறைந்து கூடக் கொடுத்தால் அது உங்கள் விருப்பம்.

கொடுக்காமல் வந்ததற்கு இப்போதும் வழி இருக்கிறது. படகின் எண்ணுக்கு ஒரு போன் போட்டு, மேட்டுக்கு எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். வீட்டிலும் அமைதி திரும்பும்.

கேப்டன் காற்று என்று சொல்லி நடுவழியிலேயே படகைத் திருப்பிவிட்டார். டிப்ஸ் உண்டா? – மில்வாக்கி வாசகர்

வாடகையில் எவ்வளவு திருப்பித் தந்தார்களோ அதைக் கழித்து, மீதிக்குக் கணக்குப் போடுங்கள். கரையிலேயே 'இன்று வேண்டாம்' என்று நிறுத்திவிட்டால் டிப்ஸ் இல்லை, நன்றி மட்டும் போதும். காசு போனாலும் பரவாயில்லை என்று படகைத் திருப்புகிற கேப்டன் கிடைத்தால், அடுத்த வருடமும் அவரையே பிடியுங்கள்.

மொன்டானாவில் ட்ரௌட் மீனுக்காக என் கணவரோடு ஆற்றில் ஒருநாள் படகுப் பயணம் போகப்போகிறேன். இருவருக்கும் தூண்டில் புதிது. படகுக்கு 650 டாலர். டிப்ஸ் ஆளுக்கா, படகுக்கா? கணவர் 15 சதவீதம் போதும் என்கிறார். 'கைடுதான் அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர், சொந்தக்காரருக்கு யாராவது டிப்ஸ் கொடுப்பார்களா?' என்றும் கேட்கிறார். – சான் ஹோசே வாசகி

படகுக்கு. அந்த ஆற்றுப் படகுகளில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் துடுப்போடு கைடு என்பதுதான் அமைப்பு. 650 என்பது இருவருக்கும் சேர்த்துச் சொன்ன வாடகை. 20 சதவீதம் என்றால் 130, 15 என்றால் 97 டாலர் 50 காசு.

சொந்தக்காரருக்கு டிப்ஸ் இல்லை என்பது சலூனிலும் சின்னக் கடைகளிலும் ஒரு காலத்தில் இருந்த பழக்கம். ஆற்றில் அது செல்லாது. துடுப்புப் போடுகிறவர் யாரோ அவருக்கு டிப்ஸ், அவர் சொந்தக்காரரே ஆனாலும். அவர் சம்பளத்துக்கு வந்த கைடு என்றால் நிச்சயமாக. நீங்கள் கட்டும் 650இல் ஒரு பங்கு பயணத்தை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குப் போய்விடும். மீதியில்தான் கைடின் வண்டி, படகு, இழுவை வண்டி, மதியச் சாப்பாடு, ஈ போலக் கட்டிய தூண்டில்கள் எல்லாம். வேறு இடத்தில் இறங்குவீர்கள் என்பதால், அவர் வண்டியைக் கீழ்த்துறைக்கு ஓட்டி வைக்க இன்னோர் ஆளுக்கும் கூலி உண்டு. அதுவும் பல நேரம் கைடின் சட்டைப்பையிலிருந்துதான்.

உங்கள் கணவருக்கு 15ஆ 20ஆ என்ற சந்தேகம் தீர ஒரு வேலை சொல்கிறேன். அன்று முழுவதும் அவர் மீனைப் பார்க்க வேண்டாம், கைடின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாடிசன் போன்ற வேகமான ஆற்றில் கைடு துடுப்பை முன்னோக்கிப் போடுவது குறைவு. நீரோட்டத்துக்கு எதிராகப் பின்னால் வலித்து வலித்துப் படகின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பார், உங்கள் தூண்டில் மீன் நிற்கும் ஓரத்தில் இன்னும் இரண்டு நொடி நிற்பதற்காக. அதற்குள் பின்னால் இருப்பவரின் தூண்டில் கரையோர மரத்தில் மாட்டும். நங்கூரம் போடுவார். நைந்துபோன நுனித் தங்கூசியை வெட்டிவிட்டுப் புதிதாக இரண்டு அடி கட்டுவார். முடிச்சை வாயில் நனைத்து இழுத்துப் பார்ப்பார். கட்டி முடித்து நிமிர்ந்தால் முன்னால் இருப்பவரின் தூண்டில் அவர் தொப்பியிலேயே மாட்டியிருக்கும். புதியவர்கள் இருவர் ஏறிய படகில் இது நாள் முழுக்க நடக்கும். அதையும் சிரித்த முகத்தோடு செய்தால் 20க்குக் குறைத்து நான் கொடுக்க மாட்டேன்.

டிப்ஸுக்குப் பதிலாக நல்ல விஸ்கி பாட்டில் கொடுக்கலாமா? – டாம்பா வாசகர்

டிப்ஸுடன் கொடுக்கலாம், அதுவும் அவர் குடிப்பவர் என்று தெரிந்தால். அவருடைய படகுக் கடனை வங்கி விஸ்கியில் வாங்கிக்கொள்ளாது. நீங்கள் பயன்படுத்திய நல்ல தூண்டில் கோலோ, பெட்டி நிறைய ஸ்பூனோ விட்டுவிட்டுப் போனால் கைடுகள் மகிழ்ந்துபோவார்கள், ஆனால் அதுவும் 'மேலே' கொடுப்பதுதான், 'பதிலாக' இல்லை. மீனையே கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்க முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போவதற்கும் அவரவர் அளவு உண்டு. உங்களுக்குத் தூக்கிச் செல்ல முடியவில்லை என்பதற்காக அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் டார்பன் மீனுக்குப் போனேன். ஆறு அடி இருக்கும், கைக்கு வந்துவிட்டது. படகுக்குள் தூக்கிப் படம் எடுக்க கைடு விடவே இல்லை. அதற்கு முன் இரண்டு முறை மீன் தப்பியபோது என்னைப் பார்த்துக் கத்தவும் செய்தார். கோபத்தில் டிப்ஸைப் பாதியாக்கிவிட்டேன். சரிதானே? – அட்லாண்டா வாசகர்

சரியில்லை. பாதி தவறு உங்கள் மேல்கூட இல்லை, யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் டார்பனைப் பிடித்துவிட்டு விட்டுவிடத்தான் வேண்டும், 40 அங்குலத்துக்கு மேல் நீளமான டார்பனைத் தண்ணீரிலிருந்து தூக்கவே கூடாது என்பது மாநில விதி. உங்கள் மீன் ஆறு அடி என்கிறீர்கள். நீங்கள் படகின் விளிம்பில் குனிந்து, மீன் தண்ணீரிலேயே இருக்க எடுப்பதுதான் படம். கைடு உங்களைத் தூக்கவிட்டிருந்தால் அவருடைய பிழைப்புக்கே ஆபத்து. விதியைக் காப்பாற்றிய கைடுக்கு டிப்ஸைக் குறைப்பது நியாயமா?

கத்தியது வேறு விஷயம். அந்த ஆழமில்லாத கடலில் கைடு பின்னால், எஞ்சினுக்கு மேலே கட்டிய மேடையில் ஏறி நின்று, நீளமான கழியை ஊன்றி ஊன்றிப் படகைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவார். உயரத்தில் நிற்பதால் மீன் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். 'பதினோரு மணி, அறுபது அடி, இடப்பக்கம் போகுது' என்று கடிகார முள் கணக்கில் திசை சொல்வார். படகின் முனைதான் பன்னிரண்டு மணி. நீங்கள் அந்தப் பக்கம் தூண்டிலை வீச உங்களுக்கு ஐந்தாறு நொடிதான் கிடைக்கும். அதற்குள் நீங்கள் 'எங்கே எங்கே' என்று தேடினால் குரல் உயரத்தான் செய்யும். மீன் போன பிறகு அவர் சாதாரணமாகி, 'அடுத்த முறை கோலை இப்படிப் பிடியுங்கள்' என்று சொல்லிக் கொடுத்தாரா? அப்படியென்றால் அது கத்தல் இல்லை, வேலை. மீன் போய் அரை மணி கழித்தும் குத்திக் காட்டிக்கொண்டே வந்தாரா? அப்படியென்றால் 20ஐப் பத்தாக்குங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

கைடு சரியில்லை என்றால் ஒன்றுமே கொடுக்காமல் வரலாமா? எங்கள் கைடு பாதி நேரம் போனில் இருந்தார். என் மகனுடைய முறை வந்தபோது தானே தூண்டிலை வீசி, மீன் மாட்டிய பிறகு அவன் கையில் கோலைக் கொடுத்தார். பையன் முகம் சுருங்கிவிட்டது. – பெயர் வேண்டாம்

உங்கள் பையன் முகம் சுருங்கியதில் ஆச்சரியமில்லை. மீனை மாட்டுவதுதான் விளையாட்டே, மாட்டிய மீனை இழுப்பது அதற்கப்புறம். சின்னக் குழந்தை என்றால் கைடு வீசிக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். சோம்பல், அசட்டை, போன் என்றால் பத்து சதவீதம் கொடுத்து, ஏன் குறைத்தேன் என்று நேரிலேயே நிதானமாகச் சொல்வேன். சொல்லாமல் குறைத்தால் நம்மைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு அவர் அடுத்த நாளும் போனோடுதான் இருப்பார். மரியாதைக் குறைவு, அதுவும் குழந்தைகளிடமும் பெண்களிடமும் என்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், நிறுவனத்துக்கு எழுதுங்கள். மூன்றாவது பாதுகாப்பு. படகில் குடித்தார், லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று காட்டவில்லை, மின்னல் வெட்டும்போது 'இன்னும் ஒரு சுற்று' என்றார் என்றால் டிப்ஸ் பற்றிய பேச்சே இல்லை, எழுத்தில் புகார்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம். 'ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால்...' என்று இணைய மதிப்புரையை வைத்துப் பேரம் பேசுவது. அப்படிப் பேசிய பயணிகளோடு நின்றிருக்கிறேன்.

குழந்தைகளோடு நியூ ஜெர்சியில் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கும் பெரிய படகில் போகிறோம். அதில் அறுபது பேர் இருப்பார்கள். அங்கேயும் டிப்ஸா? – எடிசன் வாசகி

அங்கேயும்தான். டிக்கெட் விலையில் 15, 20 சதவீதம் என்ற அதே கணக்கு. ஆனால் குழந்தைகளோடு போகிறீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும் மேட் நாள் முழுக்க உங்கள் பிள்ளைகளின் தூண்டிலில் இரை மாட்டி, பக்கத்து ஆளின் தங்கூசியோடு பின்னிக்கொண்டதைப் பிரித்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் கூடவே கொடுங்கள். மீன் வெட்டித் தருவதற்குப் பல படகுகளில் தனியாகக் கொடுப்பது வழக்கம்.

அந்தப் படகுகளில் 'பூல்' என்று ஒன்று உண்டு. விருப்பப்பட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், நாளின் பெரிய மீனைப் பிடித்தவருக்கு மொத்தமும். ஜெயித்தால் அதிலிருந்து மேட்டுக்கு ஒரு பங்கு கொடுக்காமல் இறங்காதீர்கள். மொத்தப் படகும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கையில் பணமே வைத்துக்கொள்வதில்லை. போனில் அனுப்பினால் போதாதா? – சியாட்டில் வாசகர்

பல கைடுகள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் படகு இறங்கும் துறை பல நேரம் சிக்னல் இல்லாத இடம். 'ஊருக்குள் போய் அனுப்புகிறேன்' என்று சொன்னவர்கள் எல்லோரும் அனுப்பியிருந்தால் நான் அன்றைக்கே ஒரு சின்னப் படகு வாங்கியிருப்பேன். பணமாக வைத்துக்கொள்ளுங்கள், இருபது டாலர் நோட்டுகளாக.

லண்டனில் இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் டே ஆற்றில் சால்மனுக்கு ஒரு வாரம் போகிறேன். நீங்கள் சொல்லும் 20 சதவீதம் அங்கேயும் பொருந்துமா? அடுத்த வருடம் பஹாமாஸ், நியூசிலாந்து, முடிந்தால் ஜப்பான் என்று திட்டம். – லண்டன் வாசகர்

கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள்.

ஸ்காட்லாந்தில் சதவீதக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஆற்றின் அந்தந்தப் பகுதிக்கும் ஒரு 'கில்லி', அதாவது அந்த இடத்தின் கைடு, இருப்பார். டே, ட்வீட் ஆறுகளில் படகுக்காரர் என்றும் சொல்வார்கள். அவர் ஆற்றின் சொந்தக்காரரிடம் சம்பளம் வாங்குபவர். நீங்கள் கட்டும் வாடகை ஆற்றின் சொந்தக்காரருக்கு, அது ஆற்றுக்கு ஆறு, மாதத்துக்கு மாதம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். அதில் 20 சதவீதம் போட்டால் கணக்கே விபரீதமாகிவிடும். உங்களுக்குப் பயணத்தைப் பதிவு செய்து தருபவரிடம் 'இந்த ஆற்றில் கில்லிக்கு வாரத்துக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம்?' என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். எப்போது என்றால் சனிக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வாரம் திங்களில் தொடங்கிச் சனியில் முடியும். மடித்த நோட்டு உள்ளங்கையில் இருக்க, கைகுலுக்கும்போது கைமாறும். எண்ணிக் காட்டுவதெல்லாம் அங்கே கிடையாது.

பஹாமாஸில் போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடிக்க வருபவர்கள் தங்கும் விடுதிகளுக்கு அமெரிக்கர்கள்தான் அதிகம் வருகிறார்கள், அதனால் பழக்கமும் அமெரிக்கப் பழக்கமே. அங்கே இரண்டு தனித்தனிக் கணக்கு: கைடுக்கு நேராக ஒன்று, சமையல்காரர், அறை சுத்தம் செய்பவர் எல்லோருக்கும் சேர்த்து விடுதியின் பொது உண்டியலில் ஒன்று. ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அமெரிக்க நோட்டே போதும். தினமும் கைடு மாறினால் அன்றன்றே கொடுங்கள். வாரம் முழுக்க ஒரே கைடு என்றால் கடைசி நாள் மொத்தமாகக் கொடுக்கலாம்.

நியூசிலாந்தில் டிப்ஸ் எதிர்பார்க்கும் பழக்கம் இல்லை. நாள் வாடகையிலேயே கைடின் கூலி அடங்கியிருக்கிறது. ஆனால் ட்ரௌட் கைடுகளுக்கு வெளிநாட்டுப் பயணிகள் கொடுத்துப் பழகிவிட்டது. கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள், கொடுக்காவிட்டால் முகம் மாறாது. ஜப்பானில் கொடுக்கவே வேண்டாம். பணத்தை நீட்டினால் நீங்கள் மறந்துவிட்டுப் போனதாக நினைத்துப் பின்னால் ஓடிவந்து தருவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன சின்னப் பரிசு ஒன்றை அழகாகச் சுற்றி, முதல் நாளே இரண்டு கையாலும் கொடுங்கள். அது போதும்.

படிக்கிற மாணவன் நான். டிப்ஸையும் சேர்த்தால் எனக்கு வாடகைப் படகு கட்டுப்படியாகாது. டிப்ஸ் கொடுக்காமல் போவது கேவலம் என்றும் தெரிகிறது. என்ன செய்யட்டும் அண்ணா? – ஆன் ஆர்பர் வாசகர்

தம்பி, கேவலம் எல்லாம் இல்லை. முழுநாள் படகை விட்டுவிட்டு அரைநாள் படகைப் பாருங்கள். நாலைந்து நண்பர்களைச் சேர்த்துப் பங்கு போடுங்கள். வாடகை பேசும்போதே டிப்ஸையும் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், கடைசியில் யாருக்கும் நெஞ்சு அடைக்காது.

அதுவும் முடியவில்லை என்றால் இந்த வருடம் படகே வேண்டாம். உங்கள் மிச்சிகன் மாநிலத்தில் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் ஒன்றும் ஜூனில் ஒன்றுமாக, உரிமம் இல்லாமலே மீன்பிடிக்கலாம் என்று வார இறுதிகள் விடுகிறார்கள். அளவு, எண்ணிக்கை விதிகள் மட்டும் அப்போதும் உண்டு. ஜூன் வார இறுதியில் ஒரு சாதாரணக் கோலும் மண்புழு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைத் தளம் ஏதாவது ஒன்றில் போய் நில்லுங்கள். அங்கே நிற்கும் பெரியவர்களிடம் 'என்ன இரைக்குக் கடிக்குது?' என்று கேளுங்கள். படகுக்காரர்கள் மறைப்பதை அவர்கள் மறைக்க மாட்டார்கள், டிப்ஸும் கேட்க மாட்டார்கள். ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.